குரோம்பேட்டையின் குரோம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்ரயில் பல்லாவரத்தைக் கடந்ததும் நிற்கும் நிலையம் குரோம்பேட்டை. சைதாப்பேட்டை, ராயப்பேட்டை என்று கேட்டுப் பழகிய செவிக்கு இப்பெயர் உறுத்துவதில்லை. ஆயினும் அதன் முற்பாதி ஓர் உலோகத்தின் பெயர். 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டறிந்த அவ்வுலோகத்தின் சேர்மங்கள் பல வண்ணங்களில் அமைந்தமையால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து குரோமியம் என்று பெயரிட்டனர். மறைமலையடிகள் பல்லாவரத்தில் குடியேறியது 1911இல். தனித்தமிழ் இயக்கம் தோன்றியது 1916இல். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் பக்கத்து ஊர் கிரேக்கப் பெயரைச் சூடிக்கொள்ளும் சூழல் உருவானது. காரணம் செருப்பும் அன்று, அலங்காரமும் அன்று. கிணற்றுத் தண்ணீர்.

உரித்த பச்சைத்தோல் ஈரமாக இருந்தால் அழுகும், காய்ந்தால் விறைத்துவிடும். தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். இழைகளுக்கிடையே வேறொரு பொருளை ஊடுருவச் செய்து பிணைத்துவிட்டால் நுண்ணுயிரிகளால் அதை எளிதில் சிதைக்க முடியாது. பதனிடுதல் என்பதன் சாரம் இதுவே. தமிழகத்தில் இவ்வேலையைக் காலங்காலமாகச் செய்தது ஆவாரம்பட்டை. அதன் துவர்ப்புப் பொருள் இழைகளில் ஏறுவதற்கு வாரக்கணக்கில் தொட்டியில் ஊற வேண்டும். இவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியே பெருமளவில் ஏற்றுமதியானது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் காலணிகளுக்கும் பயன்பட்டது.

ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குறை உண்டு. இடைவிடாது நனைந்தால் துவர்ப்புப் பொருள் நீரில் கசிந்து, தோல் நைந்துபோகும். செருப்புக்கு இது பெரிய இடர் அன்று, கவலைக்குப் பேரிடர். மாடுகள் சரிவில் இறங்கக் கிணற்றிலிருந்து மேலேறும் சாலும், நீரை வாய்க்காலில் கொட்டும் வால் போன்ற குழாயும் தோலால் ஆனவை. நாள்தோறும் நனைந்து காயும் அத்தோலை உழவர் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது.

இச்சிக்கலைக் கையிலெடுத்தவர், பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்து பின்னர் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஆல்ஃபிரட் சாட்டர்டன். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கு வேரூன்றச் செய்தவரும் அவரே. 1903 அளவில் அவர் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அம்முறைக்கு நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்றிருந்தார். பெண்களின் இடைக்கச்சையிலுள்ள எஃகுப் பட்டைகளைத் துருப்பிடிக்கச் செய்யாத தோல் வேண்டும் என்ற தேவையே அவரைத் தூண்டியது.

இம்முறையின் ஒரு வடிவில் டைகுரோமேட் உப்பை அமிலத்தோடும் வெல்லப்பாகு போன்ற சர்க்கரைப் பொருளோடும் சேர்ப்பர். ஆரஞ்சு நிறக் கரைசல் பச்சையாக மாறும். அதில் தோலைப் புரட்டினால் குரோமியம் புரத இழைகளின் அமில முனைகளைப் பற்றி, அடுத்தடுத்த இழைகளைக் குறுக்கே இணைக்கும். வாரங்கள் எடுத்த வேலை ஓரிரு நாளில் முடியும். இந்தப் பிடிப்பு நீரால் எளிதில் கழலாது. நம் வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் இட்டால், பட்டையில் பதனிட்டது சுருங்கி இறுகும். நன்கு பதனிட்ட குரோம் தோல் பெரும்பாலும் வடிவம் மாறாமல் இருக்கும். சாயம் உள்வரை ஏறாத குரோம் தோலின் வெட்டுவாயில் நீலச்சாம்பல் நிறத்தையும் காணலாம்.

அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தனர். 1910இல் இந்தியாவுக்கான அமைச்சர் மார்லியும் அதற்கு இசைவு மறுத்தார். அரசு விலகிய பின், அந்தப் பத்தாண்டுகளில் ஜி. ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை அடுத்து நிறுவியதே குரோம் லெதர் கம்பெனி. ஊர்ப்பெயரில் குரோம் தங்கிவிட்டது, தோல் உதிர்ந்துவிட்டது. தோல் தொழிலையும் அதைச் செய்தோரையும் தாழ்வாகவே பார்த்துப் பழகிய சமூகத்தில் இது தற்செயல்தானா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

கவலைக்குத் தோல் தேடிய அதே சாட்டர்டன், கிணறுகளில் எண்ணெய் இயந்திரப் பம்புகளைப் பொருத்தவும் பாடுபட்டார். பம்பு வென்றது, கவலை மறைந்தது. குரோம் தோல் காலணிகளிலும் பைகளிலும் நிலைத்தது. வழக்கமான முறையில் தொட்டியிலுள்ள குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தோலில் ஏறும். எஞ்சியது கழிவுநீரோடு போகும். தோலைக் கெடாமல் வைத்த உப்பும் அதனோடு சேரும். கழிவிலுள்ள குரோமியத்தின் பெரும்பகுதி நச்சுத்தன்மை குறைந்த வகை என்பது உண்மையே. ஆனால் உரிய சூழலில் அது புற்றுநோய் விளைவிக்கும் ஆறு இணைதிறன் வகையாக மாறக்கூடும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர அளவு. குரோம்பேட்டையில் தோல் ஆலைகள் செறிந்த பகுதியின் நிலத்தடி நீரில் அவ்வளவுக்கு மேலும் குரோமியம் இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்பகுதியின் பெயர் நாகல்கேணி. கேணி என்றால் கிணறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்கு உச்ச நீதிமன்றம் தலா 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடும் கட்டாயமாயிற்று. 1948இல் அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், குரோம் பதனிடும் கட்டத்தில் நீரே தேவைப்படாத முறையை உருவாக்கியுள்ளது.

கிணற்றிலிருந்து நீரிறைக்கப் பழுதில்லாத தோல் வேண்டும் என்று தொடங்கிய முயற்சி இது. தோல் கிடைத்தது. அதற்கு ஈடாக நாகல்கேணியில் குடிக்கத் தகுந்த கிணறுகளை இழந்தோம். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாகிவிட்ட குரோம்பேட்டையின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.