அத்தையின் கண்ணாடி சிரிஞ்ச்

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, 1961-இல் அத்தை சொந்தக் காசில் வாங்கிய 5 சி.சி. கண்ணாடி சிரிஞ்ச் அது. குழலிலும் தண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒரு குழலுக்கென்று இழைத்த தண்டு இன்னொன்றில் சேராது. சேர்ந்தாலும் மருந்து பின்பக்கம் கசியும். வார்டில் கழுவும்போது எண் மாறிப்போனால் சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஊசி போடுவதற்கு முன்னால் கொதிக்கவைக்கத்தான் கற்றுக்கொடுத்தார்களாம். தண்டை உருவி, இரண்டையும் தனித்தனியே காஸ் துணியில் சுற்றிப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கிற நீரில் போட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். கொதி வந்தபின் 20 நிமிடம். ஊசித் துளைக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பெடுப்பார்கள். நுனியைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். நார் சிக்கினால் முனை மடங்கியிருக்கிறது, கல்லில் தீட்ட வேண்டும்.

பிறகு சிரிஞ்ச் அத்தையோடு மன்னார்குடிக்கு வந்தது. கிணற்று நீரின் உப்பு படிந்து தண்டு இறுகவே, மழைத் தண்ணீர் பிடித்துவைத்துக் கொதிக்கவைத்தார். அது அதிகம் உழைத்தது காசநோய்க்காரர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுத்தான். தாம்பரம் சானடோரியத்தில் போய்ப் படுத்தால்தான் பிழைக்கலாம் என்று ஊர் நம்பிய காலம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம் 1959-இலேயே காட்டியிருந்தது. அத்தை அந்தச் சூட்டோடு ஊர் திரும்பியவர். "நடவு நேரத்துல பிழைப்பை விட்டுட்டுப் போய்ப் படுன்னா யார் படுப்பா?" என்பார். அந்த ஆய்வு நம் ஏழைகளுக்குச் செய்த நன்மையை எத்தனை சொன்னாலும் தகும்.

1986-இல் அத்தை படித்த அதே கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு அத்தை பிளாஸ்டிக் சிரிஞ்சுக்கு மாறிவிட்டார்.

"கொதிக்கவெச்சா அந்தக் கிருமியும் செத்துடுமே அத்தை?"

"சாகும். நான் கொதிக்கவெச்சேன். சில டாக்டருங்க ஊசியை மட்டும் மாத்திட்டு அதே சிரிஞ்சால அடுத்த ஆளுக்குக் குத்துனதை நான் கண்ணால பார்த்திருக்கேன். வர்றவங்களுக்கு யார் எப்படிப்பட்ட டாக்டர்னு எப்படித் தெரியும்? பிரிக்காத உறையை அவங்க கண்ணு முன்னாடி பிரிச்சா, யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்ல."