சோழவரத்துச் சத்தம்

செவிலிமேட்டில் நெசவாள நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பழைய பியட் ஒன்று உறுமிக்கொண்டு வந்தவாசிப் பக்கம் போயிற்று.

"வண்டி கெட்டுப் போச்சு போலிருக்கே, சார்!" என்றார் நண்பர்.

கெடவில்லை. யாரோ கெட்டிக்காரன் கை வைத்த எஞ்சின். சோழவரத்தில் நான் கேட்ட சத்தம் அது.

சென்னைக்கு வடக்கே, இரண்டாவது உலக யுத்தகால விமானத் தளம் சோழவரம். 1953-ல் ஏற்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுபாதையில்தான் பல வருஷங்கள் பந்தயம் நடத்தியது. வெளிநாட்டுச் சாமான்களை லேசில் தருவிக்க முடியாத காலம். ஆகவே, ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்த பியட்டையே பந்தயக் குதிரையாக்கினார்கள்.

எப்படி என்கிறீர்களா? கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கொண்டு போகும் 'மானிபோல்டு' குழாயைக் கழற்றி, உள்ளே வார்ப்பின் சொரசொரப்பை ராவி வழவழப்பாக்குவார்கள். குழாய் வாயும் எஞ்சின் வாயும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். ஆசை மிஞ்சி அகலமாகக் குடைந்துவிட்டாலோ, காற்றின் வேகம் தணிந்து, மெதுவாகப் போகும்போது வண்டி திணறும். ராவியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது!

"நம்ம கோர்வை மாதிரி. கரையும் உடலும் சேர்ற இடம்" என்றார் நண்பர்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் போட்டார்கள்.

"கோப்பை யாருக்கு, ராவினவருக்கா?"

"ஓட்டியவருக்கு."

"புடவையிலேயும் கடை பேர்தான் சார் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தறிக்குழியில் இறங்கினார்.