விலக்குப் பட்டியலில் ஒரு வரி: கருக்கலைப்பும் மருத்துவக் காப்பீடும்

கருக்கலைப்புச் செலவைப் பொதுப்பணம் ஏற்கலாமா என்ற சண்டை அமெரிக்காவில் 1976-இல் அதற்குத் தடை போட்ட ஹைட் திருத்தத்தோடு தொடங்கியது. தேர்தல் மேடைகளில் அது இன்னும் ஓயவில்லை. டெல்லியில் அந்த அளவுக்குக் கூச்சல் எழுந்ததில்லை. அங்கே அறம் பேசி மறுத்ததை இங்கே கணக்குப் பேசி மறுத்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1952 பிப்ரவரி 24 அன்று தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டம் டெல்லியிலும் கான்பூரிலும் தொடங்கியபோது கருக்கலைப்பு குற்றம். தாயின் உயிரைக் காக்கச் செய்வதை மட்டுமே இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு பொறுத்துக்கொண்டது. 1964-இல் அமைந்த சாந்திலால் ஷா குழு 1966-இல் அறிக்கை தந்தது. அதன் வழியே 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. யார் செய்யலாம், எங்கே, எத்தனை வாரத்துக்குள் என்பதையெல்லாம் அச்சட்டம் சொன்னது. செலவு யாருடையது என்று சொல்லவில்லை. மகப்பேறு நலச் சட்டம் தரும் ஆறு வார விடுப்பில் மருத்துவக் கருக்கலைப்பைச் சேர்க்கவே 1995-இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது.

1986-இல் அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் பாலிசியைக் கொண்டுவந்தன. எதிர்பாராமல் வரும் நோய்க்குத்தான் காப்பீடு. கர்ப்பம் நோயும் அல்ல, எதிர்பாராததும் அல்ல. இந்தத் தர்க்கத்தில் பிரசவமும் கருக்கலைப்பும் ஒரே வரியில் விலக்குப் பட்டியலுக்குப் போயின. அலுவலகங்கள் எடுக்கும் குழுக் காப்பீட்டில் கூடுதல் பிரீமியம் கட்டினால் மகப்பேறு பலன் கிடைக்கும்: ஒன்பது மாதக் காத்திருப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும். அதன் அடியில் இன்னொரு ஷரத்து: கருவுற்ற முதல் 12 வாரங்களுக்குள் விரும்பிச் செய்துகொள்ளும் கருக்கலைப்புக்குப் பணம் கிடையாது. 1971 சட்டப்படி ஒரே மருத்துவரின் ஒப்புதல் போதும் என்றிருந்த காலம் சரியாக அந்த 12 வாரம்தான். ஆபத்தும் செலவும் குறைந்த கட்டத்தைத் தேடிப்பிடித்து விலக்கியிருக்கிறார்கள். மணமான பெண்ணுக்குக் கருத்தடை தவறினால் அதையே மனநலப் பாதிப்பாகக் கொள்ளலாம் என்றது சட்டம். பாலிசிக்கோ அது 'விருப்பம்'.

2013-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மகப்பேறு செலவு என்பதற்குப் பொது வரையறை தந்தபோது, சட்டப்படியான கருக்கலைப்பையும் அதில் சேர்த்தது. முன்னேற்றம்தான், ஆனால் பாதி. 2019-இல் விலக்குகளை ஒழுங்குபடுத்திய அதே ஆணையம், மகப்பேற்றை விலக்க நினைக்கும் நிறுவனத்துக்கு 18-ஆம் எண் வாசகத்தை வகுத்துக் கொடுத்தது. சட்டப்படியான கருக்கலைப்பு அதிலும் பெயர் சொல்லி இடம்பெற்றது. 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சஞ்சீவனி என்னும் பொதுப் பாலிசி இந்த விலக்கைத் தாங்கியே வந்தது.

பலன் உள்ள பாலிசியிலும் நடைமுறை வேறு. மாத்திரையால் செய்யும் கருக்கலைப்புக்குப் படுக்கையில் சேர வேண்டியதில்லை; பாலிசியோ பொதுவாக 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கியிருக்கக் கேட்கும். மேலும், ஆபீஸ் வழியாகப் போகும் கிளெய்ம் படிவத்தில் இந்தக் காரணத்தை எழுத எத்தனை பேர் துணிவார்கள்?

2022 செப்டம்பர் 29 அன்று, டெல்லியில் வசித்த 25 வயது மணமாகாத பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால அனுமதி மறுத்திருந்த அவ்வழக்கில், 20 முதல் 24 வாரக் கருவைக் கலைக்க அனுமதிக்கும் விதியில் மணமானவர், ஆகாதவர் என்ற பேதம் செல்லாது என்றது நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு. குழுக் காப்பீட்டின் மகப்பேறு பலனோ பெரும்பாலும் ஊழியருக்கும் துணைவிக்கும்தான். பெற்றோர் பாலிசியில் இருக்கும் மகளுக்கு இல்லை. தீர்ப்பின் கை அதுவரை நீளவில்லை.

காப்பீட்டில் மனநோய்க்கு நேர்ந்தது வேறு. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தின் 21(4) பிரிவு வெளிப்படையாகச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டுதான் 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம், கிளெய்மை மறுத்த அரசு நிறுவனத்தைப் பணம் தரச் செய்தது. அதற்கு முந்தைய மாதம்தான் கருக்கலைப்புச் சட்டத் திருத்தம் மாநிலங்களவையைத் தாண்டியிருந்தது. வார வரம்பை உயர்த்திய, 'கணவர்' என்பதைத் 'துணைவர்' என்று மாற்றிய அந்தத் திருத்தத்தில் காப்பீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை.