பொழுது யாருடையது? – நம் வாசிப்பும் புளூஸ் இசையும்



வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு கட்டம் வரும். புத்தகம் படித்தல், பாட்டுக் கேட்டல் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவோம். ஆனால் பொழுதைப் போக்குவதற்கு முதலில் பொழுது நம் கையில் இருக்க வேண்டும். அது முன்பு யார் கையில் இருந்தது, எப்படி நம் கைக்கு வந்தது என்பதே இந்த நினைவுச் சொற்பொழிவின் பொருள். இதைச் சொல்ல நம் வாசிப்பையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையையும் எடுத்துக்கொள்கிறேன். அவலூர்பேட்டையில் நின்றுகொண்டு மிசிசிப்பியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு இடத்திலும் கணக்கு நோட்டு ஒன்றாகவே இருந்தது என்பதால்தான்.

படியாளின் நாள்

செஞ்சி என்றால் எல்லோரும் கோட்டையைப் பேசுவார்கள். 1714இல் மாண்ட தேசிங்குராஜனுக்குக் கதைப்பாட்டு உண்டு. அவன் குதிரைக்கும் அதில் பெயர் உண்டு. அந்த மலைகளில் கல் சுமந்தவர்களுக்குப் பெயர் இல்லை. கோட்டையைச் சுற்றியிருந்த கழனிகளில் உழுதவர்களுக்கும் இல்லை.

அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள ஒரு பழைய ஆவணம் உதவும். பக்கத்து மாவட்டமான செங்கல்பட்டின் ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்குக் குறிப்பு எழுதினார். 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை பிறக்க அது காரணமாயிற்று. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் மீட்கப் போராடுவது அந்த ஆணை வழி வந்த நிலத்தைத்தான். படியாள் முறையை அந்தக் குறிப்பு விவரிக்கிறது. கல்யாணம் போன்ற ஒரு செலவுக்குச் சிறு கடன் வாங்கியவன் ஆண்டைக்கு ஆளாகிவிடுவான். கூலி தானியமாக அளக்கப்படும்; கடன் தீராது. அப்பன் பட்ட கடனுக்கு மகன் ஏர் பிடிப்பான். இப்படிப்பட்டவனுக்கு நாள் என்பதே ஆண்டையின் சொத்து. அவன் பாடினால் நடவுக்கும் ஏற்றத்துக்கும் பாடினான். பறை அடித்தால் ஊர்ச் சாவுக்கும் ஊர்ச் சாமிக்கும் அடித்தான். அந்தக் கலையின் உயர்வில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் எப்போது அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்தது அடித்தவன் அல்ல.

மிசிசிப்பியின் சனிக்கிழமை

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் பழைய கைகளிலேயே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டார்கள். விதையும் மாவும் துணியும் பண்ணையார் கடையில் கடனுக்கு வாங்கினார்கள். அறுப்பு முடிந்து கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சும். நோட்டு எழுதியவர் பண்ணையார். அதைப் படித்துச் சரிபார்க்க உழுதவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. படியாள் கதை நினைவுக்கு வருகிறதா?

ஆனால் ஒன்று மாறியிருந்தது. சனிக்கிழமை இரவு அவர்களுடையதாயிற்று. காட்டோரக் குடிசைகளில் கூடிக் குடித்தார்கள், ஆடினார்கள். கிதார் வைத்திருந்த ஒருவர் பாடினார். புளூஸ் வளர்ந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். கறுப்பின எழுத்தாளர் அமிரி பராக்கா, லீராய் ஜோன்ஸ் என்ற பெயரில் 1963இல் எழுதிய ‘புளூஸ் பீப்பிள்’ நூலில் இதை விளக்குகிறார். அடிமைக் காலத்து வேலைப் பாட்டு கூட்டத்தின் குரல். தன் ஓய்வும் தன் தனிமையும் தனக்கென்று ஒரு வாழ்வும் ஓரளவாவது கிடைத்த பிறகுதான் ஒரு மனிதர் ‘நான்’ என்று தன் பாட்டைப் பாட முடிந்தது என்பது அவர் வாதம். பொழுது கைக்கு வந்தபோது ‘நான்’ பிறந்தது என்று நாம் சுருக்கிச் சொல்லலாம்.

புளூஸின் கட்டுமானம் எளிது. ஓர் அடியைப் பாடுவார்கள். அதையே இன்னொரு முறை பாடுவார்கள். மூன்றாவது அடியில் அதற்குப் பதில் வரும். பன்னிரண்டு தாளக்கட்டில் ஒரு சுற்று முடியும். சில சுரங்களை இயல்பான இடத்திலிருந்து சற்றுத் தாழ்த்திப் பாடுவார்கள். அந்தத் தாழ்வில்தான் அதன் வலி இருக்கிறது. ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இருக்காது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒப்பாரி செத்தவருக்காக; புளூஸ் உயிரோடிருக்கும் தனக்காக. விட்டுப்போன காதல், வெள்ளம், ரயில், சிறை, கடன் எல்லாம் அதில் வரும். கூடவே கேலியும் வரும். அழுகையை மட்டும் எதிர்பார்த்துக் கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

ரயிலில் போன பாட்டும் தாளும்

1920இல் மேமி ஸ்மித் ‘கிரேஸி புளூஸ்’ பாடி இசைத்தட்டாக வெளிவந்தது. கறுப்பின மக்கள் தங்கள் பாட்டைத் தங்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நிறுவனங்கள் அப்போதுதான் கண்டுகொண்டன. உடனே ‘இனத் தட்டுகள்’ என்று தனிப் பட்டியல் போட்டன. காசு வாங்கும்போதும் சேரி தனி. 1923இல் பாட வந்த பெஸ்ஸி ஸ்மித்தின் தட்டுகள் ஏராளமாக விற்றன. நிறுவனம் அவருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தது, விற்பனையில் பங்கு கொடுக்கவில்லை. இந்தத் தட்டுகளைத் தெற்கே கொண்டுபோய் விற்றவர்களில் ரயிலில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களும் உண்டு. 1905இல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பின ஏட்டைச் சுமந்ததும் அவர்களே.

நம் பக்கம் திரும்புவோம். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பாக வைத்தார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார ஏட்டைக் கொண்டுவந்தார். விலை காலணாதான், அதாவது ஒரு பைசா. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் அதைப் படித்தார்கள். ரங்கூனிலும் நேட்டாலிலும் படித்தார்கள். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு ஏட்டை மீண்டும் உயிர்ப்பித்ததும் தங்கவயல்தான். ஆண்டையின் கழனியை விட்டு வெளியேறியவனுக்கு ஷிஃப்ட் முடிந்த பின் ஒரு பொழுது கிடைத்தது. அந்தப் பொழுதில் அவன் படித்தான். வாசிப்பும் புளூஸும் ஒரே கதையின் இரண்டு கிளைகள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டு வாசகர்கள்

மிசிசிப்பியில் பிறந்த ரிச்சர்ட் ரைட், மெம்பிஸ் நகரத்தில் வேலை பார்த்தார். அங்கே நூலகம் கறுப்பர்களுக்குக் கிடையாது. கூட வேலை பார்த்த ஒரு வெள்ளையரின் நூலக அட்டையை இரவல் வாங்கி, அவர் எழுதியதுபோலத் தானே சீட்டு எழுதிக் கொடுத்துப் புத்தகம் எடுத்தார். தனக்காகத்தான் என்று காட்டிக்கொள்ள முடியாது. எடுபிடி போல நின்றார். இதை 1945இல் வந்த ‘பிளாக் பாய்’ நூலில் எழுதியிருக்கிறார். அவர் புளூஸை விட்டுப் போகவில்லை. ஆங்கிலேய ஆய்வாளர் பால் ஆலிவர் 1960இல் புளூஸ் பற்றி வெளியிட்ட நூலுக்கு முன்னுரை தந்தவர் ரைட்தான்.

இன்னொரு வாசகர் பாபாசாகேப் அம்பேத்கர். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், வயிற்றைக் கட்டி நியூயார்க்கில் பழைய புத்தகங்களாக வாங்கிக் குவித்தார். 1917இல் அவர் ஊர் திரும்பியபோது அந்தச் சாமான்களை ஏற்றி வந்த கப்பலைப் போர்க்காலத்தில் மூழ்கடித்துவிட்டார்கள். அவர் மறுபடி சேர்த்தார். பம்பாய் தாதரில் ராஜகிருகம் கட்டியபோது புத்தகங்களுக்காகவே அதைத் திட்டமிட்டார். பிற்காலத்தில் வயலினும் கற்றார். அரசமைப்பை எழுதிய கை வயலின் வில்லையும் பிடித்தது. 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்களின் பிரச்சினையைத் தாம் படித்து வருவதையும், ஐ.நா. சபைக்கு அவர்கள் கொடுத்த மனுவைப் பார்க்க விரும்புவதையும் தெரிவித்தார். டுபாய்ஸ் பதிலும் எழுதினார்.

நாம் விட்டுவிட்டது

1972இல் பம்பாயில் தலித் பாந்தர்கள் தோன்றியபோது அமெரிக்காவிலிருந்து பெயரையும் வேகத்தையும் எடுத்துக்கொண்டோம். கறுப்பிலக்கியத்தையும் மொழிபெயர்த்துப் படித்தோம். பாட்டை மட்டும் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டோம். மொழி ஒரு தடை, உண்மைதான். ஆனால் இன்பத்தின் மீது நமக்கிருக்கும் சந்தேகமும் ஒரு தடை. பாட்டு என்றால் மேடைக்கு, புத்தகம் என்றால் தேர்வுக்கு என்று பழகிவிட்டோம். இயக்கத்துக்குப் பயன்படாத பாட்டும் வேலை வாங்கித் தராத புத்தகமும் வீண் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இன்குலாபின் ‘மனுசங்கடா’வைப் பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் பாடியபோது அது போர்க்குரல். ஆனால் அதை நெஞ்சில் தங்க வைத்தது அவர் குரலின் அழகும்தான். அழகைக் கழித்துவிட்டால் முழக்கம் மட்டும் மிஞ்சும்.

பறையிலும் இதே சிக்கல் உண்டு. இழிவுக் கடமை என்று பல ஊர்களில் நம் முன்னோர் பறையைக் கீழே வைத்தார்கள். அது சரியான போராட்டம். பிறகு அதையே விடுதலையின் கருவி என்று மேடையில் ஏற்றினோம், அதுவும் சரி. அமெரிக்காவிலும் 1960களில் கறுப்பின இளைஞர் பலருக்கு புளூஸ் பருத்திக்காட்டை நினைவூட்டியது, அவர்கள் விலகினார்கள். வெள்ளை இளைஞர்கள் வந்து கேட்டார்கள். விலகிய இடம் காலியாக இருப்பதில்லை.

பெயர் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 1941இல் மிசிசிப்பிப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸின் பாட்டை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவு செய்தார்கள். அவர் 1943இல் சிகாகோ போய்ப் பெரும் கலைஞரானார். பதிவு செய்தவர் ஆலன் லோமாக்ஸ் என்று உலகம் அறியும். உடன் உழைத்த கறுப்பின ஆய்வாளர் ஜான் ஒர்க்கின் கையெழுத்துப் படி காணாமல் போய், 2005இல்தான் நூலாக வந்தது. நம் பாட்டை நாமே கேட்டு நாமே எழுதாவிட்டால், நம்மைப் பற்றிய நூலில்கூட நாம் அடிக்குறிப்பாகத்தான் இருப்போம்.

மாணவர்களுக்கு

மல்லாட்டைக் காட்டிலிருந்தும் பெங்களூர் கட்டட வேலையிலிருந்தும் வந்த கூலியில் படிக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து புத்தகம் படித்தால் குற்ற உணர்வு வரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மணி நேரம் யாரும் இனாமாகத் தந்ததல்ல. படியாள் கடனைத் தாண்டி, தங்கவயலின் இருட்டைத் தாண்டி வந்தது.

கையில் இருக்கும் கைபேசியிலேயே பெஸ்ஸி ஸ்மித்தைக் கேளுங்கள், மடி வாட்டர்ஸைக் கேளுங்கள். சொல் புரியாவிட்டாலும் மூன்று முறை கேளுங்கள். அயோத்திதாசரைத் தேர்வு இல்லாத நாளில் எடுத்துப் படியுங்கள். பிறகு உங்கள் ஊரில் பாடும் அத்தையிடமும் பறை அடிக்கும் பெரியப்பாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். அவர் பெயரோடு எழுதி வையுங்கள். படித்ததும் கேட்டதும் உடனே எதற்கும் பயன்பட வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் நாம் போராடிப் பெற்றதுதான்.

ஜெய்பீம்.