வாய் உடைந்த கோடரி

அரிக்கமேடு பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது இந்தத் தேடல் தொடங்கியது. 1945-இல் அங்கே அகழ்ந்து, ரோமானிய மட்கலங்களைச் சான்றாக வைத்துத் தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலக்கணக்கை நிறுவிக் கொடுத்தவர் மார்ட்டிமர் வீலர். இந்தியாவுக்கு வருமுன் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று நூற்பட்டியலைப் பார்த்தேன். 1927-ஆம் ஆண்டுக்கு நேரே ‘லண்டனும் வைக்கிங்குகளும்’ என்று இருந்தது. லண்டன் அருங்காட்சியகத்தின் காப்பாளராகப் பொறுப்பேற்ற மறு ஆண்டில் அவர் வெளியிட்ட பொருட்பட்டியல் அது.

அதில் கோடரித் தலைகளைக் கோட்டோவியமாக வரைந்து, I முதல் VI வரை எண் கொடுத்து ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார். அந்த ஓவியங்களில் ஒரு வடிவம் என்னை நிறுத்தியது. மேல் விளிம்பு ஏறக்குறைய நேராகப் போகிறது. கீழ் விளிம்போ காம்புத் துளையைத் தாண்டியதும் சட்டென்று கீழே இறங்கி, தாடைக்குக் கீழே தொங்கும் தாடி போல நீள்கிறது. வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியில் இதற்கு ‘ஸ்கெக்கோக்ஸ்’ என்று பெயர். ‘ஸ்கெக்’ என்றால் தாடி. தமிழில் தாடிக் கோடரி என்றே சொல்லிவிடலாம்.

இதை எப்படி அடித்தார்கள்? அந்தத் தாடி இரும்பில் எங்கிருந்து வந்தது? வீலரின் நூலில் இதற்கு விடை இல்லை. வடிவத்தை வைத்துக் காலம் சொல்வதுதான் அவருடைய நோக்கம். அவருக்கு முன்னோடியான நார்வே அறிஞர் யான் பீட்டர்சன் 1919-இல் வெளியிட்ட பெருநூலும் அப்படித்தான். வாள்களை வகைப்படுத்த எழுந்த அந்த நூலில் கோடரிகளும் A முதல் M வரை எழுத்து வரிசையில் நிற்கின்றன. இன்றும் அருங்காட்சியக அட்டைகள் பலவற்றில் ‘பீட்டர்சன் M வகை’ என்ற குறிப்பைப் பார்க்கலாம். இவ்வளவு நுணுக்கமாகப் புறவடிவம் வரைந்தவர்களின் நூல்களில் உலையின் வெம்மை இல்லை. வைக்கிங் கொல்லர்களும் தம் தொழிலைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஆகவே சாட்சிகளை வேறு இடங்களில் தேட வேண்டியிருந்தது.

முதல் சாட்சி நான் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. ஐஸ்லாந்தின் ‘எகில் சாகா’ 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டின் மோத்ருவல்லாபோக் என்ற தோல் ஏட்டுத் தொகுதியில் அது இருக்கிறது. எகிலின் தந்தை ஸ்கல்லாகிரிம் பெரிய கொல்லர். குளிர்காலத்தில் சதுப்பு நிலத் தாதுவிலிருந்து தாமே இரும்பு எடுத்தவர். தம் உலைக்களத்துக்கு வேண்டிய உறுதியுள்ள கல் கிடைக்காமல், ஓர் இரவு தனியாகப் படகேறிப் போய், கடலுக்குள் மூழ்கிப் பாறை ஒன்றைத் தூக்கி வந்து பட்டறைக்கல்லாக்கினார் என்கிறது கதை.

இந்தக் கொல்லருக்கு நார்வே அரசன் எய்ரிக் ஒரு கோடரியைப் பரிசாக அனுப்புகிறான். ‘இரத்தக் கோடரி’ என்ற பட்டப்பெயர் கொண்ட அதே எய்ரிக். பெரிய வாய், பொன் வேலைப்பாடு, வெள்ளி சுற்றிய காம்பு. மகன் தோரோல்ஃப் கொண்டுவந்து கொடுக்கிறான். ஸ்கல்லாகிரிம் வாங்கி, உயர்த்திப் பிடித்துச் சற்று நேரம் பார்க்கிறார். ஒன்றும் பேசவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டி வைக்கிறார். இலையுதிர்காலத்தில் மாடு அறுக்கும் நாள் வருகிறது. இரண்டு எருதுகளின் கழுத்தையும் ஒரு பெரிய பாறைமேல் சேர்த்து வைக்கச் சொல்லி, ஒரே வெட்டில் இரு தலையையும் துண்டிக்கிறார். கோடரி பாறையில் பாய்கிறது. அதன் ‘வாய்’ முழுதும் உடைந்து, ‘ஹெர்தா’ வழியாக மேலே பிளவு ஓடியது என்று எழுதுகிறார் கதாசிரியர்.

இந்த இரண்டு சொற்களை நான் பலமுறை திரும்பப் படித்தேன். கோடரியின் வெட்டும் விளிம்பை நோர்ஸ் மொழியும் வாய் என்றே சொல்கிறது, கோடாலி வாய், மண்வெட்டி வாய் என்று நாம் சொல்வது போல. ‘ஹெர்தா’ என்பது கடினமாக்கப்பட்ட பகுதி, தோய்ச்சல் ஏறிய பகுதி. ஆக, கோடரி முழுவதும் ஒரே தன்மையான இரும்பு இல்லை என்பதும், கடினமான பகுதி ஒன்று தனியாக உண்டு என்பதும், அதற்குப் பெயரே இருந்தது என்பதும் இந்த ஒரு வாக்கியத்தில் வெளிப்படுகின்றன. கதை கேட்ட ஐஸ்லாந்துக் குடியானவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிளவு எங்கே ஓடியது என்று சொன்னாலே அது எப்படிப்பட்ட கோடரி என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

ஸ்கல்லாகிரிம் உடைந்த கோடரியை வாசலுக்கு மேலே செருகிவிடுகிறார். குளிர்காலம் முழுதும் அது புகையில் கிடந்து கறுக்கிறது. வசந்தத்தில் அதை இறக்கி, கோடரியைப் பழித்து ஒரு பாட்டும் சொல்லி, அரசனிடமே திருப்பிக் கொடு என்று மகனிடம் தருகிறார். மகன் அதைக் கடலில் எறிந்துவிட்டு, தந்தை அனுப்பியதாகச் சொல்லி அரசனுக்கு ஒரு கப்பற்பாயைக் கொடுத்துச் சமாளிக்கிறான். அரசியல் அவமதிப்பு என்றே இந்தக் காட்சியைப் பலரும் படிக்கிறார்கள். எனக்கு அது ஒரு கொல்லர் இன்னொரு கொல்லரின் வேலைக்கு வழங்கிய தீர்ப்பாகவும் படுகிறது. பாறையில் மோதினால் எந்தக் கோடரியும் பல் போகும். பிளவு கடினப்பகுதி முழுதும் ஏறிப்போனது வேறு செய்தி. தோய்ச்சல் மிஞ்சிவிட்டது, இளக்கிக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்பதையே அது காட்டுகிறது. பொன்னிழையில் காட்டிய அக்கறையை அரசனின் கொல்லர் நெருப்பில் காட்டவில்லை.

ஆனால் கதை கதைதான். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் முந்நூறு ஆண்டு இடைவெளி. இரும்பே சாட்சி சொல்ல வேண்டும்.

யார்க் நகரின் கோப்பர்கேட் பகுதியில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழ்வில் கிடைத்த இரும்புப் பொருள்களைப் பேட்ரிக் ஆட்டவே 1992-இல் விரிவான அறிக்கையாக்கினார். நீர் தேங்கிய மண் அந்த இரும்பைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. அங்கே கிடைத்த கத்திகளை அறுத்து, மெருகிட்டு, நுண்ணோக்கியில் பார்த்தபோது, மென்மையான இரும்பு முதுகில் எஃகு வாய் ஒட்டப்பட்டிருப்பது கோடு கிழித்தாற்போலத் தெரிந்தது. எஃகு அரிது. அதை வெட்டும் இடத்தில் மட்டும் வைத்து, மற்றதை இரும்பில் முடித்திருக்கிறார்கள். வைக்கிங் காலக் கோடரித் தலைகளை ஊடுகதிரில் பார்த்தாலும் இதே சிக்கனம் தெரிகிறது. கூடவே இன்னொரு செய்தியும் உண்டு. பல தலைகளில் காம்புத் துளைக்கு முன்னால் ஒரு மெல்லிய ஒட்டுக்கோடு ஓடுகிறது. துளை குத்தி எடுக்கப்படவில்லை, பட்டை மடிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே தடயம். துளையிட்டுச் செய்தவையும் உண்டு. இரு வழியும் வழக்கில் இருந்தன.

மடித்துச் செய்யும் வழியை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் தாடியின் பிறப்பு இங்கேதான். தேனிரும்புப் பட்டை ஒன்றை எடுத்து, நடுப்பகுதியை மெலிதாக அடிக்கிறார் கொல்லர். அதுதான் காம்பைச் சுற்றிவரும் பகுதி. பட்டையைக் காய்ச்சி நடுவில் மடித்து, இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைக்கிறார். இரண்டு முனைகளுக்கு இடையே எஃகுத் துண்டு ஒன்றைச் செருகுகிறார், வெற்றிலை மடிப்பில் பாக்கு வைப்பது போல. அதன்மேல் மணல் தூவுகிறார். மணல் இரும்பின் மேலுள்ள செதிளோடு உருகிக் கண்ணாடிபோல் வழிந்து, ஒட்ட வேண்டிய முகங்களைக் காற்றுப் படாமல் காக்கும். கரி நெருப்பில் வெளிர்மஞ்சள் நிறம் வரும் வரை வைத்து, எடுத்து, உடனே அடிக்க வேண்டும். முதல் அடியில் உருகிய கிட்டம் நெருப்புத் துளியாகச் சிதறி வெளியேறும். அது வெளியேறினால்தான் ஒட்டு பிடிக்கும். எஃகு இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே எரிந்துபோகக்கூடியது. இரும்பு ஒட்டுவதற்குப் போதுமான சூடும் எஃகு கெடாத சூடும் சந்திக்கும் இடைவெளி மிகக் குறுகல். வெப்பமானி இல்லாத காலத்தில் அந்த இடைவெளியை நிறத்தைக் கொண்டே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் பிரியாத ஒட்டைப் பார்க்கும்போது, அந்தக் கண்களை நினைத்து எனக்கு மலைப்பு வருகிறது.

ஒட்டு முடிந்த பிறகுதான் தாடி. கொல்லர் சுத்தியலின் குறுகிய பக்கத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆப்பு போன்ற அந்த முனை விழும்போது இரும்பு அதன் நீளவாட்டில் போகாது, இரு பக்கமும் விலகும். அடிகளைச் சரியான கோணத்தில் அடுக்கினால் கீழ் மூலை மட்டும் மெல்ல இறங்கும். மேல் மூலை அசையாமல் நிற்கும். துளை நசுங்காமலிருக்க உள்ளே முளை ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். தாடிக்கென்று தனி இரும்பு சேர்ப்பதில்லை. வாயின் தடிமனே தாடியின் நீளமாக மாறுகிறது. குறைந்த இரும்பில் நீண்ட வெட்டுமுனை கிடைப்பது இப்படித்தான்.

எஃகு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்காக 18-ஆம் நூற்றாண்டுக்குப் போனேன். நார்வேயின் எஸ்டர்டாலன் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஓலே எவன்ஸ்டாட், சதுப்பு நிலத் தாதுவை இரும்பாகவும் எஃகாகவும் ஆக்கும் முறையை 1782-இல் கட்டுரையாக எழுதினார். 1790-இல் அது அச்சானது. தாதுவைத் தேடுவது, வறுப்பது, உலையில் இடுவது எல்லாம் செய்தவருடைய மொழியில் இருக்கின்றன. கிடைத்த இரும்பைத் திரும்பவும் கரியுலையில் இட்டு எஃகாக்கும் வழியும் இருக்கிறது. வைக்கிங் காலத்துக்கும் இவருக்கும் இடையே ஏழெட்டு நூற்றாண்டுகள். எனவே இவரை நேர்ச்சாட்சியாக நான் கொள்ளவில்லை. ஆனால் குடியானவர் ஒருவர் தம் நிலத்துத் தாதுவிலிருந்தே எஃகு வரை போகலாம் என்பதை இவரைப்போல வேறு யாரும் இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டவில்லை.

பிறகு பெட்டி. 1936-இல் ஸ்வீடனின் கோட்லாந்து தீவில், வடித்து உழுநிலமாக்கிய மேஸ்டர்மிர் சதுப்பில் உழுதுகொண்டிருந்தவரின் கலப்பையில் ஓர் ஓக் மரப்பெட்டி தட்டுப்பட்டது. இரும்புச் சங்கிலி சுற்றியிருந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள். கிரேட்டா ஆர்விட்ஸனும் யோஸ்டா பெர்க்கும் 1983-இல் வெளியிட்ட நூல் அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து காட்டுகிறது. குறடு, சம்மட்டி, அரம் ஆகிய கொல்லர் கருவிகள். அவற்றோடு கோடரி, வாய்ச்சி, ரம்பம், துரப்பணம் ஆகிய தச்சர் கருவிகள். எல்லாம் ஒரே பெட்டியில்! இரும்படித்தவரும் மரம் செதுக்கியவரும் ஒரே ஆளாக இருந்திருக்கலாம். என் தேடல் அங்கே திசை மாறியது. அதுவரை தாடிக் கோடரியைப் போர்க்கருவியாகவே நினைத்திருந்தேன். எதிரியின் கேடயத்தைக் கொக்கிபோல் இழுக்கவே தாடி என்று பல நூல்கள் சொல்கின்றன. அப்படியும் பயன்பட்டிருக்கலாம்.

ஆனால் தாடிக்குப் பின்னால், காம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு வெற்றிடம் உண்டு. அங்கே கையை நுழைத்துக் காம்பைப் பிடித்தால் விரல்கள் வெட்டுமுனைக்கு நேர்ப்பின்னால் வந்துவிடும். அப்போது கோடரி ஓங்கி வெட்டும் கருவியாக இல்லாமல் சீவும் கருவியாகிறது. எழுபது மீட்டர் நீளமுள்ள பாயோ திரைச்சீலையில், இங்கிலாந்தின்மீது படையெடுத்த நார்மண்டிப் பிரபு வில்லியமின் கப்பல்களைக் கட்டும் காட்சியைப் பாருங்கள். மரத்தை வீழ்த்துபவர்களின் கோடரி வேறு, பலகையைச் சமன் செய்பவரின் அகன்ற வாய்க் கோடரி வேறு.

பலகைகளே கடைசிச் சாட்சி. டென்மார்க்கின் ரோஸ்கில்ட கடற்கழியில் 1962-இல் அகழ்ந்தெடுத்த ஸ்குல்டெலெவ் கப்பல்களில் ஒன்று 1042-இல் டப்ளின் பகுதியில் கட்டப்பட்ட நீண்ட போர்க்கப்பல். அதன் பலகைகள் ரம்பத்தால் அறுக்கப்பட்டவை இல்லை. ஓக் மரத்தை ஆப்பு வைத்து நடுவிலிருந்து கதிர்போலப் பிளந்து, கோடரியால் சீவியிருக்கிறார்கள். நார் அறுபடாததால் மெல்லிய பலகையும் வளைந்து கொடுக்கும். ரோஸ்கில்ட கப்பல் அருங்காட்சியகத்துத் தச்சர்கள் அந்தச் செதுக்குத் தடங்களைப் படித்து, அதே வகைக் கருவிகளைச் செய்து, அதே கப்பலைத் திரும்பக் கட்டி 2004-இல் நீரில் இறக்கினார்கள். 2007-இல் அது வடகடலைக் கடந்து டப்ளின் சேர்ந்தது. கோடரி வாயில் சிறு பல் போயிருந்தால், ஒவ்வொரு சீவலிலும் அந்தப் பல் ஒரு மெல்லிய வரம்பை விட்டுச் செல்லும். மரம் அதைக் கையெழுத்துப்போல் காத்து வைத்திருக்கிறது.

தாடி தச்சனின் கைக்காகப் பிறந்தது, போர் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டது என்பதே என் முடிவு. ஸ்கல்லாகிரிமின் கோபத்தையும் இப்போது வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேன். ஐஸ்லாந்தில் வீடும் வேலியும் படகும் கோடரி வாயை நம்பியிருந்தன. அழகுக்குச் செய்த கோடரி அங்கே யாருக்கும் பயன்படாது.

இதையெல்லாம் முடித்துவிட்டு வீலரின் பட்டியலை மறுபடி திறந்தேன். பழைய லண்டன் பாலத்தின் வடகரையருகே கிடைத்த வைக்கிங் தொகுதி அதில் இருக்கிறது. முதல் முறை படித்தபோது கோடரிகளையும் ஈட்டிமுனைகளையும் மட்டும் பார்த்துப் பக்கத்தைத் திருப்பியிருந்தேன். இம்முறை அவற்றோடு சேர்ந்து தேம்ஸ் நதிச் சேற்றில் ஆயிரம் ஆண்டு கிடந்த இன்னொரு பொருளும் கண்ணில் பட்டது. அது கொல்லரின் குறடு.