மூச்சின் மாத்திரையும் நெஞ்சின் துடிப்பும்

மூச்சுப் பயிற்சிக்குரிய கால அளவைத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் கூறுகின்றது. உள்வாங்கல் 16 மாத்திரை, நிறுத்தல் 64, வெளிவிடல் 32. மெல்ல மூச்சுவிடுதலால் மன இறுக்கம் தணிவதையும், இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட கால வேறுபாடு மிகுவதையும் இக்கால மருத்துவ அறிஞர் கருவிகொண்டு காட்டியுள்ளனர். இவ்விரண்டும் ஒன்றே எனக் கொண்டு, திருமூலர் அன்றே இதனைக் கண்டார் என மேடைகளில் முழங்குவாரைப் பலகாலும் கேட்கின்றோம். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நலமுள்ள நெஞ்சம் கடிகாரம்போல் ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை உள்வாங்குங்கால் துடிப்பு விரைகின்றது, வெளிவிடுங்கால் தணிகின்றது. இதயத்தை அடக்கியாளும் வேகஸ் என்னும் நரம்பின் செயல் மூச்சோடு ஏறி இறங்குவதே இதற்குக் காரணம். செருமானிய அறிஞர் கார்ல் லுட்விக் 1847இல் தாம் அமைத்த சுழலுருளைக் கருவியால் இதனைக் கோடாக வரைந்து காட்டினார். எனினும் அதன் மருத்துவப் பயன் நூறாண்டுகள் கடந்தே புலனாயிற்று. கருப்பையிலுள்ள குழவிக்கு ஊறு நேருமுன், துடிப்பின் எண்ணிக்கை மாறுதற்கு முன்னரே இவ்வேறுபாடு மாறுதலை ஹான், லீ என்போர் 1960களில் கண்டனர். மாரடைப்பினின்றும் பிழைத்த 808 பேரை ஆராய்ந்து 1987இல் வெளிவந்த ஆய்வு, வேறுபாடு மிகக் குறைந்தோர்க்கு இறப்பு நேரும் வாய்ப்பு, அது மிக்கோரினும் 5 மடங்குக்கு மேற்பட்டது எனக் காட்டியது.

இந்நாட்டு யோகியரை ஆராய வந்தோர் தேடியதோ வேறொன்று. நெஞ்சை நிறுத்த இயலுமா என்பதே அவர்தம் வினா. பிரெஞ்சு மருத்துவர் தெரேசு புரோசு 1935இல் இதய மின்வரைவிக் கருவியோடு இந்தியாவுக்கு வந்தார். யோக ஆசிரியர் கிருஷ்ணமாசாரியாரின் இதய மின்னலைகள் மிகச் சிறுத்தமை கண்டு வியந்தார். வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகிய மூவரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு அவ்வியப்பைக் களைந்தது. மூச்சை அடக்கி, மார்பையும் வயிற்றையும் இறுக்குங்கால் நெஞ்சுக்கு மீளும் குருதி குறைகின்றது. அதனால் மணிக்கட்டில் நாடி மறைகின்றது. நெஞ்சமோ துடித்துக்கொண்டே இருக்கின்றது. நாடி பார்த்தவர் ஏமாந்தார், மின்வரைவி ஏமாறவில்லை. அருஞ்செயலைத் தேடிய ஆர்வம் அன்றாட மூச்சின் ஏற்றவிறக்கத்தை நெடுநாள் மறைத்துவிட்டது என்றே நாம் கருதுகின்றோம். மேலைநாட்டிலோ யேக்கப்சன் 1929இலேயே தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் முறையை நூலாக்கிவிட்டார்.

இனி, மாத்திரைக் கணக்கிற்கு வருவாம். 2001இல் இத்தாலிய அறிஞர் பெர்னார்டியும் பிறரும் 23 பேரை ஆராய்ந்தனர். இலத்தீன் மொழியில் செபமாலை ஓதினும், ஓம் மணி பத்மே என்னும் மந்திரத்தை ஓதினும், மூச்சு நிமிடத்திற்கு 6 என்னும் அளவை அடைகின்றது. குருதியழுத்தத்திற்கு இயல்பாகவே ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை எழும் அலையொன்று உண்டு. மூச்சும் அவ்வலையும் ஒன்றுபடவே துடிப்பிடை வேறுபாடு பெருகுகின்றது.

திருமந்திர அளவைக் கூட்டின் ஒரு மூச்சுக்கு 112 மாத்திரை ஆகின்றது. கண்ணிமையும் நொடியுமே மாத்திரை என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். (ஈண்டு நொடி என்பது கைந்நொடி, இக்கால வழக்கிலுள்ள விநாடி அன்று. இதனை மயங்கினோர் பலர்.) மாத்திரையை விநாடியில் மூன்றிலொரு பங்கு எனச் சுருக்கிக் கொள்ளினும், ஒரு மூச்சு 37 விநாடிக்குக் குறையாது. அதிலும் 21 விநாடி மூச்சை நிறுத்தும் காலமாகும். பெர்னார்டி கண்ட 10 விநாடி மூச்சில் இத்தகைய நெடிய நிறுத்தம் இல்லை. ஆகவே இரண்டும் ஒரே பயிற்சி ஆகா. திருமூலர் வகுத்தது யோக நெறிக்குரிய அடக்கம். மருத்துவர் அளந்தது ஓதுதலால் தானே விளையும் தளர்ச்சி.

ஒப்புமை காணவேண்டின் அதனை யோகப் பகுதியில் தேடுதலினும் ஓதும் மரபில் தேடுதலே தகும். செபமாலையில் குரு முற்பகுதியை ஓத, மக்கள் பிற்பகுதியை ஓதுவர். ஒரு சுற்று ஏறத்தாழ 10 விநாடியில் முடிகின்றது. ஒருவர் சொல்லப் பலர் வாங்கிப் பாடும் நம் கூட்டு வழிபாட்டிலும் மூச்சைப் பாட்டின் அடியே அளக்கின்றது. ஆண்டு எண்ணவேண்டிய மாத்திரை யாப்பின் மாத்திரையே.