காத்திருக்கும் உடல்கள்: லியு சியாவ்தோங்கின் இளைஞர் ஓவியங்கள்

1990களின் சீன ஓவியத்தை அவநம்பிக்கை என்ற ஒரே கூண்டில் அடைப்பது திறனாய்வாளர் பலரின் வழக்கம். ஓவியர் ஃபாங் லிஜுனின் மொட்டைத் தலைகளுக்கு அது பொருந்தும். ஒரே முகம் மீண்டும் மீண்டும் அங்கே கொட்டாவி விடுகிறது. லியு சியாவ்தோங்கை (பி. 1963) அதே வரிசையில் நிறுத்துவது தவறு. அவர் தீட்டிய ஒவ்வொரு இளைஞருக்கும் தனி முகமும் தனி உட்காரும் முறையும் உண்டு. சலிப்பெனப் பிறர் வாசிப்பதை நான் காத்திருப்பென வாசிக்கிறேன்.

லியு பயின்ற பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் 1955 முதல் 1957 வரை சோவியத் ஓவியர் மக்ஸீமொவ் எண்ணெய் வண்ணம் கற்பித்தார். அந்தச் சோவியத் மரபில் இளைஞனுக்கென ஓர் இலக்கணம் இருந்தது: நிமிர்ந்த கழுத்து, தொலைவை ஊடுருவும் பார்வை, கையில் கருவி. லியு அதன் உடற்கூற்றுப் பயிற்சியை முழுமையாக ஏற்றுக்கொண்டு, பார்வைக்குரிய அந்தத் தொலைவை மட்டும் அகற்றினார். வரப்போகும் பொற்காலத்தின் சாட்சியாக இருந்த இளமை, இன்றைய பிற்பகலுக்குள் வந்து உட்கார்ந்தது.

2005இல் தீட்டிய ‘வெப்பப் படுக்கை’ வரிசையின் முதல் ஓவியம் இதற்குத் தக்க சான்று. மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்த காலம். யாங்சி கரையிலுள்ள ஃபெங்ஜியே ஊரைத் தொழிலாளர்கள் இடித்துக்கொண்டிருந்தனர். அவர்களில் சிலரை ஒரு மெத்தைமீது அமர்த்தி, சீட்டாடும் நிலையில் அங்கேயே வரைந்தார் லியு. ஐந்து பலகங்கள், அகலம் சுமார் 10 மீட்டர். மேற்சட்டையற்ற உடல்களில் தடித்த தூரிகை வீச்சு தசையின் கனத்தை மட்டுமின்றி அதன் ஓய்வையும் பிடித்திருக்கிறது. கண்கள் சீட்டில் பதிந்திருக்கின்றன, பின்னால் ஆறு.

புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் இந்த ஓய்வு கிட்டியிருக்காது என்பது என் துணிபு. நாள்கணக்கில் ஓவியர் முன்னால் அமர்ந்திருப்பவர் வெகுநேரம் பாவனை காட்ட முடியாது. முகம் தளர்ந்து, தோள் சரியும். லியு தீட்டுவது அந்தச் சரிவையே.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. அதே வரிசைக்காகப் பாங்காக்கில் அவர் வரைந்த இளம்பெண்கள் பழங்களுக்கு நடுவே அலங்காரமாகவே எஞ்சுகிறார்கள். அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை ஓவியம் அறியவில்லை. இப்பணியைப் பதிவுசெய்த இயக்குநர் ஜியா ஜாங்கேயின் ‘தோங்’ (2006) என்ற ஆவணப்படம் அவர்களில் ஒருத்தியை ஊருக்குச் செல்லும் ரயில்வரை பின்தொடர்கிறது. கித்தான் விட்ட இடத்தை அங்கே கேமரா நிரப்புகிறது.

கடுமையான மறுப்பு பணத்தைப் பற்றியது. இடம்பெயர்ந்தோரைக் காட்டும் லியுவின் ஓவியமொன்று 2006 ஏலத்தில் 2.2 கோடி யுவானுக்கு விற்றது. ஏழையின் உடல் செல்வரின் சுவரில் தொங்குகிறது என்ற குற்றச்சாட்டை ஓவிய நுட்பம் பேசித் தள்ளிவிட முடியாது. எனினும் ‘தோங்’ ஆவணப்படத்தில், விபத்தில் இறந்த தொழிலாளியின் வீட்டுக்கு லியு போகிறார். அந்த வருகை விலையை நியாயப்படுத்தாது. ஆனால் வரையப்பட்டவர் பெயரற்ற மாதிரியுரு அல்லர் என்ற கொள்கை அவருடைய நடத்தையிலும் இருப்பதைக் காட்டுகிறது.

அக்கொள்கை முதிர்ந்த இடம் ‘பெய்ச்சுவானிலிருந்து’ (2010). 2008 மே 12 நிலநடுக்கத்தில் நொறுங்கிய சிச்சுவான் மாகாண நகரான பெய்ச்சுவானின் இடிபாடுகளுக்கு முன் இளம்பெண்களை வரைந்தார். பேரழிவை வரையும் மரபு அழுகையை எதிர்பார்க்கும். இவர்களிடம் அதை அவர் கேட்கவில்லை. பாங்காக்கில் சொல்லாமல் விட்டதை இங்கே அவர்களுக்குப் பின்னாலுள்ள நகரம் சொல்லிவிடுகிறது.